கண் இல்லாத தமிழ்

…பார்க்கக் கூடாது என்றால் பிறகு எங்கேதான் பார்ப்பது, கழுத்துக்கு மேலே ஒரு தலையை வைத்ததே பார்ப்பதற்குத்தானே என்று நினைத்தபடி துஷாந்தன் மிச்சம் என்ற ஊரின் ட்ராம் தரிப்பின் எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருந்த காப்புறுதி விளம்பரத்தை மறுபடியும் வாசித்தான், அதில் ஒரு நாய், நாயைச் சுற்றிச் சிரிக்கும் ஒரு குடும்பம், யாருக்கு வேண்டும் இந்தக் காப்புறுதி, அவனுக்கு வேண்டியதெல்லாம் பக்கத்தில் நிற்கும் மகளைப் பார்க்காமல் பார்ப்பதற்கு ஒரு வழி. தாரிணிக்கு ஏழு வயது. சிவப்புக் கோட்டுக்குள்ளே பட்டுப் பாவாடை, பாவாடைக்குக் கீழே குளிருக்குப் போட்ட கறுப்புக் காலுறை, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு பேச்சைப் பாடமாக்குகிறாள், உதடு அசைகிறது, அசையட்டும், உதட்டைப் பார்க்கலாம், உதட்டுக்குத் தடை இல்லை, ஆனால் உதட்டைப் பார்க்கப் போனால் அதற்குக் கொஞ்சம் மேலே… இதோ சிமிட்டிவிட்டாள், உடனே இன்னொன்று, பிறகு சவர்க்காரம் உள்ளே போனதைப் போல இறுக்கி மூடித் திறக்கிற அந்தப் பெரியது. அவன் நாயிடம் திரும்பினான். நாய் சிமிட்டவில்லை.

எப்போது தொடங்கியது என்று கேட்டால் ஒக்ரோபர் விடுமுறையில் என்று பிறேமினி சொல்வாள், அதற்கு முதலே என்று அவனுக்கு ஒரு சந்தேகம், ஆனால் மனைவிதான் முதலில் பார்த்தது, ஆகவே அவள் சொல்லும் திகதிதான் திகதி. "இஞ்சருங்கோ, இவள் கண்ணைக் கண்ணைச் சிமிட்டுறாள், பாத்தனீங்களே?" அன்றைக்கே ஐபாட் குளிர்சாதனப் பெட்டியின் மேலே ஏறியது. அடுத்த கிழமை அறையின் கம்பளத்தில் தூசி என்று கம்பளம் போனது. அதற்கும் சிமிட்டல் நிற்காமல் போக, பிறேமினி தான் வேலை செய்யும் மருந்துக் கடையிலிருந்து ஒரு சொட்டு மருந்து கொண்டுவந்தாள், பிள்ளையைச் சோபாவில் படுக்கவைத்து அவன் தலையைப் பிடிக்க அவள் ஊற்ற, ஊற்றியது முழுவதும் காதுக்குள் போனது. இடையிடையே இரண்டு பேரும் மாறிமாறி, சிமிட்டாதை, சிமிட்டாதை எண்டு சொன்னனான், எத்தினை தரம் சொல்லுறது… சொல்லச் சொல்லக் கூடியதே தவிரக் குறையவில்லை. கண்ணாடிக் கடையில் ஒரு பொடியன் பொறுமையாக எல்லாம் சோதித்தான், எழுத்துப் பலகை, பச்சை வெளிச்சம், காற்று ஊதுகிற பெட்டி, பார்வை மிகவும் நல்லது என்று சொல்லிப் பிள்ளைக்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்து அனுப்பினான். நல்லது என்றால் பிறகு ஏன்? துஷாந்தனுக்குத் தொழில் வீட்டைச் சூடாக்கும் காஸ் பொயிலர் திருத்துவது, எந்தப் பொயிலரும் பழுதானால் தன் முகத்தில் ஒரு பிழை எண்ணைக் காட்டும், அந்த எண்ணைப் புத்தகத்தில் பார்த்தால் தண்ணீர் அழுத்தமோ விசிறியோ என்று தெரிந்துவிடும், மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். பிள்ளை ஓர் எண்ணையும் காட்டவில்லை. சிமிட்டிவிட்டு, என்னப்பா என்பதைப் போலப் பார்த்தாள், அவ்வளவுதான்.

கடைசியில் ரமா டொக்டர். மதுரைப் பக்கத்து மனுஷி, தமிழ் என்று தெரிந்ததும் இங்கிலீஷை அப்படியே கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். "நிறையக் குழந்தைங்களுக்கு இந்த வயசுல வர்றதுதான் சார். கண் டெஸ்ட் நல்லா இருக்கு, அலர்ஜி இல்ல, வறட்சியும் இல்ல. இது ஒரு பழக்கம் மாதிரி, அவ வேணும்னு பண்றதில்ல. நீங்க சொல்லச் சொல்ல அதிகமாகும், பேசாம விட்டா பெரும்பாலும் தானாப் போயிடும்." கழுத்தைச் சொடுக்குவது, தொண்டையைச் செருமுவது என்று வேறு ஏதாவது கூடச் சேர்ந்து வந்தாலோ, மாதக்கணக்கில் இழுத்தாலோ திரும்ப வரச் சொன்னார். பள்ளிக்கூடத்தில், வீட்டில் பிள்ளைக்கு ஏதும் மனக்கஷ்டமா என்று கேட்டார், இல்லை என்றான், இல்லைதானே? பிறகு கதவு வரை வந்து, பிள்ளை முன்னால் ஓடிய பிறகு, குரலைத் தாழ்த்தி அந்த வாக்கியத்தைச் சொன்னார். "கண்ணப் பத்தி வீட்ல யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, சரியா?" ஓம் என்றான் அவன். இந்த மனிதர் ஏதோ பூசையைத் தொடங்கப்போகிறார் என்பது போல அவர் ஒரு கணம் பார்த்தார், பிறகு விளங்கிச் சிரித்தார். "ஆமாவா? சரி சரி."

ஒரு வார்த்தை பேசக் கூடாது. சொன்ன மனுஷி எந்த அர்த்தத்தில் சொன்னாரோ, மதுரையில் அதற்கு என்ன அளவோ, துஷாந்தன் அதை அறிவுறுத்தல் புத்தகத்தை எடுப்பதைப் போல எடுத்துக்கொண்டான், திருகாணியை இரண்டு சுற்று என்றால் இரண்டு சுற்றுத்தான், அரைச் சுற்றும் கூடவும் கூடாது குறையவும் கூடாது. பிள்ளையை வேலை வானுக்குள் ஏற்றிவிட்டு வெளியே நின்றே பிறேமினிக்குத் தொலைபேசியில் சட்டத்தைச் சொல்லிவிட்டான், அந்தச் சொல்லே வீட்டில் வரக் கூடாது, உற்றுப் பார்ப்பதும் ஒரு பேச்சுத்தான், ஆகவே பார்க்கவும் கூடாது. சொல்வது லேசு. கண் இல்லாமல் தமிழ் பேசிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தச் சீத்துவம். கண்ணாடியை எடுத்துக்கொண்டு வா என்று சொல்ல வாயெடுத்த பிறேமினி பாதியில் நின்று, அந்த… முகம் பார்க்கிறதை என்றாள். கண்ட நிண்டதையும் தின்னாதை என்பது தொண்டையிலேயே நின்றது. மன்செஸ்டரிலிருந்து யோகலிங்கம் அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்க, "என்னடாப்பா, உங்களைக் கண்ணிலையும் காணக் கிடைக்குதில்லை" என்று முழங்க, பிறேமினிக்குத் திடீரென்று பெரிய இருமல் வந்தது. சோறு காணுமோ என்று கேட்பதற்குக்கூட அவன் ஒரு நாள் தயங்கினான், போதும் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் காணும் என்கிறார்களே, அது எந்தப் பக்கத்தில் சேரும்? இரண்டு பேரும் படுக்கையில் கிடந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார்கள், சிரிப்பதற்கு என்ன குறைச்சல், பிள்ளைக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

அந்தப் பெயரும் அப்போதுதான் போனது. பெயர் என்றால் தாரிணி இல்லை, தாரிணி பள்ளிக்கூடத்துக்கும் பாஸ்போட்டுக்கும், வீட்டில் அவளைப் பிறந்த நாளில் இருந்து அவன் கூப்பிட்டது கண்ணம்மா. ஆஸ்பத்திரியில் தாதி துணியில் சுற்றிக் கையில் தந்தபோது ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் அவனைப் பார்த்தாள், விமானநிலையத்தில் கடவுச்சீட்டை வாங்கிவைத்துக்கொண்டு முகத்தைப் பார்ப்பார்களே அப்படி, இவரைத்தான் எனக்குத் தந்ததோ என்று. அந்த நேரத்தில் வாயில் வந்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. கண்ணம்மா, பல்லைத் தீட்டியாச்சோ. கண்ணம்மா, சப்பாத்து எங்கை. காலையில் எழுப்புவது அதைச் சொல்லித்தான், வேலையால் வந்து கதவைத் திறந்ததும் கூப்பிடுவது அதைச் சொல்லித்தான், கோபம் வந்தால் மட்டும் தாரிணி. டொக்டரிடம் போய்வந்த அன்று பின்னேரம் கதவைத் திறந்து க… என்று தொடங்கி, கதவு குளிராக் கிடக்குது என்று முடித்தான். பிறகு பழகிவிட்டது. பிள்ளை, இஞ்ச வாங்கோ, சாப்பிட வாறீங்களோ… பெயர் இல்லாமலே ஒரு வீட்டை நடத்திவிடலாம் என்று கண்டுகொண்டான், தான் ஏதோ பெரிய விரதம் பிடிப்பதைப் போல ஒரு பெருமையும் வந்தது, பிள்ளைக்காகத் தகப்பன் என்னவெல்லாம் விடவேண்டியிருக்கிறது, சிலர் சிகரெட்டை விடுகிறார்கள்.

ட்ராம் வந்தது. சனிக்கிழமைக் கூட்டம், குரோய்டனுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள், தாரிணிக்கு ஜன்னல் பக்கம், அவனுக்குப் பக்கத்து இருக்கை. பக்கத்தில் இருப்பது நல்லது, முகம் தெரியாது, முன்னால் இருந்தால்தான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தால் கண்ணாடியில் அவள் முகம், வெளியே மிச்சம் கொமன் திறந்தவெளியின் காய்ந்த புல்லுக்கு மேலால் அந்த முகம் ஓடுகிறது, சிமிட்டுகிறது, அவன் கூரையைப் பார்த்தான். இன்றைக்குத் தமிழ் வகுப்பில் பேச்சுப்போட்டி. எனது குடும்பம். மேடை என்று சொல்ல முடியாது, பள்ளிக்கூட மண்டபத்தில் அரையடி உயரத்தில் ஒரு மரப்பலகை, ஆனால் அதன் முன்னால் அத்தனை தாய் தகப்பன்மாரும் தொலைபேசியை உயர்த்திக்கொண்டு இருப்பார்கள், பிள்ளை ஏறி நிற்கும், வணக்கம் சொல்லும், சிமிட்டும், ஒருத்தி மற்றவளின் காதுக்குள் குனிவாள்… தவமலர் ரீச்சர் ஒரு நாள் எல்லோருக்கும் முன்னால் கேட்டவர்தானே, "தாரிணி, ஏன் பிள்ளை கண்ணைக் கண்ணை வெட்டுறீங்கள், நித்திரை இல்லையோ?" கெட்ட மனுஷி இல்லை, வாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் கதவு இல்லாதவர், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னான், "ஓம் ஓம், நான் மூச்சும் விடமாட்டன், பாவம் பிள்ளை" என்றார், அந்தப் பாவம் பிள்ளையை இன்றைக்கு எத்தனை பேரிடம் சொல்லி வைத்திருப்பாரோ. வராமல் விட்டிருக்கலாம். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். பயமாகத்தான் இருந்தது அவனுக்கு, சும்மா சொல்லக் கூடாது, இருநூற்று முப்பது வோல்ற் மின்சாரத்தைத் தொட்டு வேலை செய்கிறவனுக்கு ஓர் அரையடிப் பலகை பயமாக இருந்தது.

பெடிங்டன் லேன் கழிந்ததும் அவள் முணுமுணுப்பைக் கொஞ்சம் சத்தமாக்கினாள். "அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, என் அன்புத் தோழர்களே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்." நல்லது. ழகரம் நன்றாக விழுகிறது, தோழர்களே என்ற இடத்தில் அவன் வயதுக்காரருக்கே நாக்குப் புரளும். "என் அம்மா மருந்துக் கடையில் வேலை செய்கிறார். என் அப்பா குளிர்காலத்தில் எல்லோருடைய வீடுகளையும் சூடாக்குகிறார். அவர் என்னை…" நின்றாள். திரும்பவும் தொடக்கத்திலிருந்து. பெரியோர்களே, தோழர்களே, மருந்துக் கடை, சூடாக்குகிறார், அவர் என்னை… ஓ. அந்த இடம். அவர் என்னைக் கண்ணம்மா என்று அன்பாக அழைப்பார் என்று இருந்தது, அவளும் ரீச்சரும் சேர்ந்து எழுதினது, இந்தக் கிழமை அவன்தான் அந்த வரியை எடுக்கச் சொன்னான், மேடையில் நின்று சிமிட்டிக்கொண்டு கண்ணம்மா என்று சொன்னால் சனம் என்ன நினைக்கும், சிரிப்பு ஒன்று எங்கேயாவது கிளம்பினால்… நன்மைக்குத்தானே. பேச்சு நீளம், நேரம் காணாது என்று காரணம் சொன்னான். சரி என்றாள்.

"அப்பா, அந்த இடத்திலை என்ன சொல்லுறது?" எந்த இடம் என்றான், தெரியாதவனைப் போல. "'அவர் என்னை'க்குப் பிறகு." அதைத்தானே வெட்டினனாங்கள், நேரை மீன் தொட்டிக்குப் போங்கோ, எங்கள் வீட்டில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது, அது வடிவாத்தானே இருக்கு. அவள் தலையாட்டினாள், கண்ணாடியில் தலையாட்டுவது தெரிந்தது. தெராப்பியா லேனில் ட்ராம்கள் வரிசையாகப் படுத்திருந்தன, அவற்றைப் பார்த்துக்கொண்டே, யாரையோ பற்றிக் கேட்பதைப் போலக் கேட்டாள். "ஐ நோ. பட் நீங்கள் இப்ப என்னை என்னெண்டு கூப்பிடுறனீங்கள்? அதைச் சொல்லலாந்தானே." என்னெண்டு கூப்பிடுறனான்? அவன் யோசித்தான், உண்மையாகவே யோசித்தான், நேற்றைக்கு என்ன, இன்று காலையில் எழுப்பியது எப்படி, விளக்கைப் போட்டான், எழும்புங்கோ நேரமாகுது என்றான், அவர் என்னை எழும்புங்கோ என்று அன்பாக அழைப்பார்… ஒரு பெயரும் அகப்படவில்லை. பை நிறையச் சாமான்களோடு எதிரில் இருந்த வெள்ளைக்கார மனுஷி அவனைப் பார்த்துப் புன்னகைத்தாள், அவனும் புன்னகைத்து வைத்தான்.

"கண்ணம்மா எண்டா நல்ல கண் இருக்கிற ஆக்களுக்கோ?" வீட்டில் இத்தனை நாளாக யாரும் உச்சரிக்காத சொல் ஒரே வாக்கியத்தில் இரண்டு தரம் வந்துவிட்டது, அவனுக்கு முதலில் பட்டது அதுதான், பிறகுதான் வாக்கியம் பட்டது. "ஆர் சொன்னது உங்களுக்கு?" ஒருவரும் சொல்லவில்லையாம், தனக்கே தெரியுமாம். "கண் எண்டா என்ன எண்டு ரீச்சர் படிப்பிச்சவா. அம்மா எண்டா அம்மா. என்ர கண் பழுதானவுடனை நீங்கள் நிப்பாட்டிப்போட்டீங்கள்." அழவில்லை, முறைப்பாடும் இல்லை, வகுப்பில் கேள்விக்கு விடை சொல்வதைப் போலச் சொன்னாள், அவனுடைய தலைக்குள் ஏதோ ஒன்று மெதுவாக அணைந்தது. பழுதில்லை, உங்கடை கண் பழுதில்லை, டொக்டரும் சொன்னவா, அந்தப் பொடியனும் சொன்னவன், ஸ்டிக்கர் தந்தவன்… இதையெல்லாம் சொல்வதற்கு வாய் திறந்தால் சொல்லுக்குச் சொல் கண், ஒரு வார்த்தை பேசக் கூடாது என்ற இடத்தில் ஒரு பிரசங்கமே செய்ய வேண்டும். அவள் அவனுடைய கையைத் தட்டினாள். ஆறுதல் சொல்கிறாள். "இட்ஸ் ஓகே அப்பா. நான் பிராக்டிஸ் பண்ணுறன்." என்ன பிராக்டிஸ்? குளியலறையில். பல் தீட்டி முடிந்த பிறகு, தண்ணீரைத் திறந்துவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூலில் ஏறி நின்று, திறந்தபடியே வைத்திருக்கிறாளாம், எரிந்து தண்ணீர் வரும் மட்டும், அப்படிச் செய்து செய்து பழக்கினால் நிற்கும்தானே, பியானோவும் அப்படித்தானே வந்தது. தண்ணீரை ஏன் பிள்ளை சும்மா ஓடவிடுறீங்கள் என்று எத்தனை இரவு கீழிருந்து கத்தியிருக்கிறான், அந்த நேரமெல்லாம் அவள் மேலே நின்று…

பழைய மின்நிலையத்தின் இரண்டு புகைபோக்கிகளும் ஜன்னலில் வந்து போயின. இறங்க இன்னும் கொஞ்ச நேரம்தான், சொல்ல வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும், ரமா டொக்டர் என்ன நினைத்தால் என்ன, அந்த மனுஷி பெயரையா விடச் சொன்னார், மனுஷி சொன்னது வேறு, கேட்டது வேறு, எந்த மடையன் ஒரு பிள்ளையைக் கூப்பிடுகிற பெயரைப் பத்தியப் பட்டியலில் சேர்ப்பான்? வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் சொல்லாமல் விட்டதில் நாக்குத் தடக்கியது, சொந்தப் பிள்ளையிடம் முதல்தரம் பேசுகிறவனைப் போல மெதுவாகச் சொன்னான். "கண்ணம்மா."

அவள் ஜன்னலை விட்டுத் திரும்பினாள். முழு முகமும். அவனும் பார்த்தான், கூரையில்லை, நாயில்லை, நேரே பார்த்தான், எத்தனை கிழமைக்குப் பிறகு என்று தெரியவில்லை, கன்னத்தில் ஒரு சின்னக் கீறல், இது எப்போது வந்தது? அவள் கண்ணைப் பெரிதாக விரித்து அப்படியே வைத்திருந்தாள், மூச்சையும் பிடித்திருந்தாள், இமை நடுங்கியது, ஓரத்தில் தண்ணீர் கட்டியது, வேண்டாம் விடு, விடு பிள்ளை என்று அவன் நினைக்க நினைக்க அவள் பிடித்துக்கொண்டே இருந்தாள், பிறகு முடியாமல் சிமிட்டினாள், உடனே இன்னொன்று, பிறகு அந்தப் பெரியது. கையால் துடைத்தாள். அவன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்வானே, பார்ட் இன்னும் வரவில்லை, குறை நினைக்காதீர்கள் என்று, அதே நிதானத்தில் சொன்னாள்.

"இன்னும் சரியாகேல்லை அப்பா."

வண்டில் பார்க் என்று ட்ராம் அறிவித்தது. அவள் எழுந்து கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு கதவுப் பக்கம் போனாள், அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான், இல்லைப் பிள்ளை, சரியாகாவிட்டாலும்… என்று தொடங்கியது கதவு திறக்கும் சத்தத்தில் போய்விட்டது. ட்ராம் தரிப்பில் குளிர் அடித்தது. அவள் முன்னால் நடந்தாள், பெரியோர்களே, தோழர்களே, மருந்துக் கடை, சூடாக்குகிறார், அந்த இடம் வந்ததும் நிற்காமல் நேரே மீன் தொட்டிக்குப் போனாள், இப்போது தடக்கவே இல்லை. கூப்பிட்டால் திரும்புவாள். திரும்பி, சரியாகிவிட்டதா என்று தன்னைத்தானே பார்ப்பாள். எடுத்த பெயரைத் திருப்பிக் கொடுத்தால் முடிந்துவிடும் என்று அல்லவா நினைத்தான், கண் சரியாகும் மட்டும் வாங்க மாட்டேன் என்று ஒரு பிள்ளை சொல்லும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்.